கிரெடிட் என்றால் கடனா?

போன வாரம் அப்பத்தாவின் போனுக்கு வங்கியிலிருந்து தமிழில் ஒரு செய்தி: "உங்கள் கணக்கில் ரூ. 2,150 கடன் வைக்கப்பட்டது." வைப்புத்தொகைக்கு வந்த வட்டி அது. ஆங்கிலத்தில் 'கிரெடிட்' என்பதைத்தான் இப்படித் தமிழாக்கியிருக்கிறார்கள். "நான் யாருகிட்டப்பா கடன் வாங்கினேன்?" என்று பதறிவிட்டார். காரைக்குடியில் இதே கேள்விக்கு நான் பதில் சொல்லும் மூன்றாவது வீடு இது.

கிரெடிட்டின் மூலம் லத்தீன் 'கிரெடெரே': நம்புதல், நம்பி ஒப்படைத்தல். 'கிரெடிட்டும்' என்றால் நம்பிக் கொடுத்தது. பிரெஞ்சு வழியாக 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குப் போனது. டெபிட்டுக்கு மூலம் 'டெபெரே', கொடுக்க வேண்டியிருத்தல்.

சரி, கடன் என்பது என்ன? தீர்த்தே ஆக வேண்டியது. காலைக்கடன், நேர்த்திக்கடன் எல்லாம் அந்தப் பொருளில்தான். ஆக, கடனுக்கு நெருக்கம் டெபிட்டின் மூலத்தோடுதான். கிரெடிட் கார்டைக் கடன் அட்டை என்பதில் எனக்குச் சண்டையே இல்லை. அங்கே வங்கி நம்மை நம்பிக் கொடுக்கிறது. கணக்கில் பணம் ஏறும்போது நம்புகிறவர் அப்பத்தா, கடன்பட்டது வங்கி. செய்தி அதை அப்படியே புரட்டிப் போடுகிறது.

இதற்குப் புதுச்சொல் தேடி அலைய வேண்டியதில்லை. பர்மாவிலும் மலாயாவிலும் கடை வைத்திருந்த நகரத்தார் பேரேடுகளில் இருப்பது வரவும் பற்றும்தான். ஐயாவின் பேரேடு ஒன்று இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. ஒவ்வொருவர் பேரிலும் ஒரு பக்கம். அவரிடமிருந்து வந்தது வரவு, அவர் எடுத்துக்கொண்டது பற்று. வங்கி அப்பத்தாவின் பேரில் எழுதுவதும் இதே கணக்குத்தான்.

வரவு என்றால் வருமானம் என்று குழப்பிக்கொள்வார்களாம், மொழிபெயர்க்கும் நண்பர் சொல்கிறார். மளிகைக் கடையில் பழைய பாக்கிக்கு ஐந்நூறு ரூபாயை நீட்டி "வரவு வச்சுக்கங்க" என்கிறோம். அதை யார் வருமானம் என்று எடுத்துக்கொள்கிறார்கள்? கடைக்காரருக்கும் நமக்கும் புரிகிற சொல்லை விட்டுவிட்டு, அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டுகிறார்கள். கணக்கு எழுதும் ஒருவரிடம் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும்.

பேலன்ஸ் ஷீட்டைக் குறிக்கும் ஐந்தொகைக்கும் இதே கதிதான். வருஷக் கணக்கை முடித்து எடுக்கும் அந்தக் குறிப்புக்கு நாலெழுத்தில் நறுக்கென்று ஒரு பெயர் இருந்தது. இலங்கைத் தமிழர் பாடப்புத்தகத்திலும் அதை வைத்திருந்தார்கள். நாம்தான் 'இருப்புநிலைக் குறிப்பு' என்று நீட்டிக்கொண்டோம்.

அப்பத்தாவிடம் "கடன் இல்லை, வட்டிப் பணம் வரவு வச்சிருக்காங்க" என்றேன். "அப்படிப் போட்டா என்னவாம்?" என்று கண்ணாடியைக் கழற்றினார்.