கை வாய்க்குப் போகும் முன்னால்: ஆன்லைன் கவுன்சலிங் எப்படி வேலை செய்கிறது?

லீவரைத் தட்டினால் தீனி விழும். போர்ச்சுகல் ஆய்வாளர்கள் எலிகளுக்கு இதைப் பழக்கினார்கள். அவற்றில் ஒரு பகுதி எலிகளை முன்கூட்டியே பல நாட்கள் தொடர்ந்து மன உளைச்சலில் வைத்திருந்தார்கள். பிறகு அதே தீனியை வயிறு முட்டக் கொடுத்துவிட்டு, மறுபடி லீவரின் முன்னால் விட்டார்கள். சாதாரண எலிகள் தட்டுவதைக் குறைத்துக்கொண்டன. பசியே இல்லை, எதற்குத் தட்ட வேண்டும்? உளைச்சலில் இருந்த எலிகளோ பசி இல்லாமலும் தட்டிக்கொண்டே இருந்தன.

2009-ல் வெளியான அந்த ஆய்வில் எலிகளின் மூளையையும் பார்த்தார்கள். யோசித்து, பலனைக் கணக்குப் போட்டுச் செயல்படும் பகுதியின் நரம்புக் கிளைகள் சுருங்கியிருந்தன. பழகியதை யோசிக்காமல் திரும்பச் செய்யும் பகுதியில் கிளைகள் வளர்ந்திருந்தன. அதே ஆண்டு ஜெர்மனியில் மனிதர்களின் கையை ஐஸ் தண்ணீரில் வைக்கச் சொல்லி, கொஞ்ச நேரப் பதற்றத்தை உண்டாக்கிச் சோதித்தார்கள். அவர்களும் வயிறு நிறையச் சாப்பிட்டுத் திகட்டிப்போன உணவைத் தரும் தேர்வையே தொடர்ந்தார்கள்.

டென்ஷனில் நகம் கடிப்பவரிடம் "கடிக்காதே" என்று சொல்லிப் பயனில்லாமல் போவதற்குக் காரணம் இதுதான். கெட்டது என்று அவருக்கு நன்றாகவே தெரியும். அந்தத் தெரிதலைக் கையாளும் பகுதிதான் அந்த நேரத்தில் பின்வாங்கி நிற்கிறது. ஆகவே நல்ல கவுன்சலிங் உபதேசத்தில் ஆரம்பிக்காது. பழக்கம் எந்த இடத்தில், எதைத் தொட்டுக் கிளம்புகிறது என்று தேடும்.

இதற்கு ஒரு பழைய முறை இருக்கிறது. 1973-ல் அமெரிக்க உளவியலாளர்கள் நேதன் அஸ்ரினும் கிரிகரி நன்னும் நகம் கடித்தல், முகத்தசை வெட்டி வெட்டி இழுத்தல் போன்றவற்றுக்காக உருவாக்கிய பழக்க மாற்றுப் பயிற்சி அது. முதல் வேலை கவனிப்பது. ஒரு குறிப்பேட்டில் நான்கு கட்டம் போட்டு நேரம், இடம், அதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது, கை என்ன செய்தது என்று எழுத வேண்டும். சில நாள் எழுதினாலே ஒரு விஷயம் பிடிபடும்: பல் படுவதற்கு வெகு முன்பே பழக்கம் தொடங்கிவிடுகிறது. மேனேஜரிடமிருந்து மெசேஜ் வருகிறது. பதில் டைப் செய்வதற்கு முன், கட்டைவிரல் ஆள்காட்டி விரலின் நக ஓரத்தை மெல்லத் தடவிச் சொரசொரப்பைத் தேடுகிறது. ஒரு பிசிறு அகப்பட்டதும் கை மேலே போகிறது. ஆக, மாற்ற வேண்டியது அந்தத் தடவலை. அது தொடங்கியதுமே கையை மூடி, ஒன்றிரண்டு நிமிடம் இறுக்கமாக வைத்திருக்க வேண்டும். மூடிய கையால் நகம் கடிக்க முடியாது. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது. பிசிறே இல்லாமல் இருக்க, பையில் ஒரு நகம் ராவும் அரம். அவ்வளவுதான் வைத்தியம். கேட்க அற்பமாகத்தான் இருக்கும்.

இணையம் நுழைவது இங்கேதான். கிளினிக்குக்கு வாரம் ஒரு தடவை போய், போன செவ்வாய்க்கிழமை என்ன நடந்தது என்று நினைவிலிருந்து சொன்னால் பாதி விட்டுப்போகும். கையிலேயே இருக்கும் போனில் அந்த நிமிடமே குறித்தால் விட்டுப்போகாது. வீடியோ காலில் இன்னொரு வசதி: அலுவலகத்தைப் பற்றிப் பேசும்போது கை முகத்துக்குப் போவதை ஆலோசகரும் பார்க்கிறார், திரையின் மூலையில் நாமும் பார்க்கிறோம். பழக்கம் வாழும் அறைக்குள்ளேயே சிகிச்சை நடக்கிறது. என்னைக் கேட்டால், பயணச் செலவு மிச்சம் என்பதைவிட இதுதான் பெரிய லாபம்.

எல்லா ஆன்லைன் கவுன்சலிங்கும் முகம் பார்த்துப் பேசுவது அல்ல. ஸ்வீடனில் ஸ்டாக்ஹோமின் ஒரு பொது மருத்துவமனை, 2007 முதல் இணைய வழி அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையை (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் CBT முறை) வழக்கமான சேவையாகவே தருகிறது. அங்கே பெரும்பாலும் எழுத்துதான். வாரம் ஒரு பாடம், ஒரு வீட்டுப்பாடம். செய்ததை எழுதி அனுப்பினால் ஒரு உளவியலாளர் படித்துப் பதில் போடுவார். ஒருவருக்காக அவர் செலவிடுவது வாரத்தில் பத்து பதினைந்து நிமிடம். இது போதுமா? நேரில் பார்ப்பதையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சோதித்த 20 ஆய்வுகளை 2018-ல் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தபோது, பலனில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் அந்தப் பதினைந்து நிமிட மனிதரை எடுத்துவிட்டு வெறும் பாடங்களை மட்டும் கொடுத்தால், பலர் பாதியிலேயே விட்டுவிடுகிறார்கள், பலனும் குறைகிறது. தினமும் "இன்று ஆழமாக மூச்சு விட்டீர்களா?" என்று நோட்டிஃபிகேஷன் தட்டும் ஆப்கள் எத்தனையோ போன்களில் தூங்கிக்கொண்டிருப்பதில் ஆச்சரியமே இல்லை. நாம் எழுதியதை ஒரு ஆள் படிக்கப்போகிறார் என்பது தெரிந்தால்தான் எழுதுவோம்.

எத்தனை நாளில் மாறும்? 21 நாள் என்று ஒரு கணக்கு ஊரெல்லாம் சுற்றுகிறது. லண்டனில் ஆய்வாளர் பிலிப்பா லாலியும் குழுவினரும் 96 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். தினம் ஒரு சின்னப் புதுச் செயல் தானாக வரும் நிலையை எட்ட, சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள் போதும். சிலருக்கு 254 நாள் வரை ஆகும் என்று கணக்கு சொன்னது. நடுவில் ஒரு நாள் தவறியதால் பெரிய நஷ்டம் இல்லை. அது புதிய பழக்கத்தை வளர்க்கும் கணக்கு. பழையதைக் கைவிடுவதற்கு இப்படி ஒரே எண் கிடையாது.

நம் வீடுகளில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. இரண்டு அறையில் ஐந்து பேர் இருக்கும்போது, மாமியாரைப் பற்றியோ கடனைப் பற்றியோ எங்கே உட்கார்ந்து பேசுவது? மொட்டை மாடிதான் கதி, அல்லது நிறுத்தி வைத்த கார். எழுத்து வழி ஆலோசனை இந்த இடத்தில் கை கொடுக்கும். போனை வீட்டில் எல்லோரும் எடுத்துப் பார்ப்பார்கள் என்றால் அதுவும் ஆபத்து. அதை முதல் நாளே ஆலோசகரிடம் சொல்லிவிட வேண்டும்.

பணம் செலவழிக்கும் முன் 14416-ஐ அழைத்துப் பார்க்கலாம். 2022 அக்டோபர் 10 அன்று மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவை அது. இரவு பகல் எந்நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். தனியார் சேவை என்றால் ஆலோசகரின் படிப்பையும் பதிவையும் கூச்சப்படாமல் கேளுங்கள். மருந்து எழுதும் அதிகாரம் மருத்துவருக்குத்தான், ஆலோசகருக்குக் கிடையாது.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம், யாரோ பேசுவது போலக் காதில் குரல் கேட்பது, பல நாள் தூக்கமே இல்லாமை போன்றவற்றுக்கு வாரம் ஒரு பாடம் போதாது. உடனே நேரில் ஒரு மருத்துவர் பார்க்க வேண்டும். முறையான சேவையில் முதல் நாளே, நீங்கள் இப்போது எந்த முகவரியில் இருக்கிறீர்கள், அவசரம் என்றால் யாரைக் கூப்பிடுவது என்று கேட்பார்கள். திரைக்கு அந்தப் பக்கம் இருப்பவரால் கதவைத் தட்ட முடியாது. தட்டக்கூடிய ஒருவருடைய நம்பராவது அவரிடம் இருக்க வேண்டும். அதைக் கேட்காமலே பேச ஆரம்பிக்கிறார்கள் என்றால் வேறு இடம் பாருங்கள்.