துன்பியல் அல்ல, அவலம்

முல்லைத்தீவில், ஆங்கிலேயரை எதிர்த்த வன்னி மன்னன் பண்டாரவன்னியனைப் பற்றிய நாடகம் பார்க்கப் போயிருந்தேன். தொடங்குமுன் அறிவிப்பாளர் ‘மாபெரும் துன்பியல் காவியம்’ என்றார். இளவரசி டயானாவைப் பற்றிய வானொலி நிகழ்ச்சியிலும் துன்பியல், நடிகர் தியாகராஜ பாகவதரைப் பற்றிய கட்டுரையிலும் துன்பியல். கேட்டுக் கேட்டு மனம் பொறுக்கவில்லை.

மூலச்சொல் டிராஜடி. கிரேக்கத்தில் ஆட்டைக் குறிக்கும் சொல்லும் பாட்டைக் குறிக்கும் சொல்லும் சேர்ந்து பிறந்தது. உயர்நிலையில் இருந்த ஒருவர் தம் பிழை ஒன்றால் வீழ்வதைக் காட்டும் நாடகத்தையே அரிஸ்டாட்டில் அதில் சிறந்ததாகக் கொண்டார். பிறகு புகழ்பெற்றவர்களின் வீழ்ச்சிக்கெல்லாம் அந்தப் பெயர் பரவியது.

இதைத் தமிழாக்கியவர்கள் துன்பத்தோடு ‘இயல்’ சேர்த்தார்கள். இயல் என்றால் தன்மை, ஆகவே பிழையில்லை என்பார்கள். இலக்கணப்படி சரி. ஆனால் உயிரியல், புவியியல், பொருளியல் என்று படிக்கிற பிள்ளையின் காதில் அது எப்படி விழும்? “துன்பத்தைப் பற்றிப் படிக்கிற பாடமா சேர்?” என்று ஒரு மாணவி என்னிடமே கேட்டாள். அவளில் என்ன பிழை? அப்புறம், துன்பம் என்பது மிக அகலமான சொல். பல்வலியும் துன்பம், கடனும் துன்பம். வீழ்ச்சி அதற்குள் எங்கே இருக்கிறது? ‘சோகம்’ என்றாலும் தீராது. அது வடசொல், பார்ப்பவர் மனநிலையைத்தான் சொல்லும்.

நம்மிடம் ‘அவலம்’ என்ற சொல் ஏற்கெனவே உண்டு. தொல்காப்பியம் அழுகை என்ற மெய்ப்பாட்டுக்கு, அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிக்கு, இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு காரணம் சொல்கிறது. அழுகையை அவலம் என்றே விளக்கும் பழைய உரைகாரர் பேராசிரியர், அசைவு என்பது பழைய நிலை கெட்டு வேறுவிதமாகி வருந்துவது என்கிறார். பாகவதரின் ‘ஹரிதாஸ்’ 1944 தீபாவளிக்கு வந்து வெற்றி முழக்கமிட்டது. அதே ஆண்டில் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் அவர் கைதானார். 1947இல் விடுதலையானார், பழைய இடம் திரும்பக் கிடைக்கவில்லை. அசைவுக்கு இதைவிட என்ன உதாரணம் வேண்டும்?

வன்னியில் அவலம் என்ற சொல்லைப் புத்தகத்தில் தேட வேண்டியதில்லை. அகாலத்தில் கொடுமையாகப் போன உயிரை எங்கள் கிழவிகள் ‘அவலச்சாவு’ என்பார்கள். கோவலன் கூத்தில் கொலைக்களக் கட்டம் வரும்போது அவர்கள் முந்தானையால் கண்ணைத் துடைப்பதும் அந்த அவலத்துக்காகத்தான்.

செய்தி எழுதுவோர்மீதும் எனக்குக் கோபம் உண்டு. குண்டும் குழியுமான வீதிக்கும் ‘அவலநிலை’, தண்ணீர் வராத குழாய்க்கும் ‘அவலநிலை’. வீதிக்குச் சீர்கேடு போதாதா? இப்படிச் சொல்லைத் தேய்த்துவிட்டு, பெரிய வீழ்ச்சி ஒன்று வரும்போது புதுச்சொல் தேடி அலைகிறோம்.

பண்டாரவன்னியன் 1803 ஓகஸ்ட் 25இல் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்தான். ஒக்டோபர் 31இல் கற்சிலைமடுவில் தோற்றான். இடையில் 67 நாள். அடுத்த முறை நாடகம் போடும் பிள்ளைகளே, நோட்டீசில் ‘அவல நாடகம்’ என்று அடியுங்கள்.