எத்தனையாவது சதவீதத்தில் நின்றது?

நேற்றுவரை ஒழுங்காக ஓடிய பழைய கணினிதான். புது இயங்குதளம் போடலாம் என்று பென் டிரைவைச் செருகினால் பாதியில் நின்றுவிடுகிறது. ஒரு முறை ‘கோப்பு சிதைந்திருக்கிறது’ என்கிறது, அடுத்த முறை நீலத் திரை காட்டுகிறது. பலரும் உடனே இன்னொரு ஐஎஸ்ஓவை, அதாவது இயங்குதளத்தின் நிறுவல் கோப்பைத் தரவிறக்கப் போய்விடுவார்கள். அதற்கு முன் ஒரு தாளை எடுத்து, ஒவ்வொரு முயற்சியும் எந்தக் கட்டத்தில், எத்தனை சதவீதத்தில் நின்றது என்று குறித்து வையுங்கள். மூன்று முயற்சி போதும். திரையில் வரும் பிழைச் செய்தி பல நேரம் தப்பான ஆளைக் கைகாட்டும். இந்த எண்கள் அப்படி ஏமாற்றுவதில்லை.

23, 61, 9 என்று ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் நின்றால் சந்தேகம் ரேம் (கணினியின் தற்காலிக நினைவகம்), சூடு, மின்சாரம் ஆகிய மூன்றின் மேல் விழ வேண்டும். மூன்று முறையும் 47இலேயே நின்றால் பென் டிரைவிலோ ஹார்ட் டிஸ்க்கிலோ ஒரு குறிப்பிட்ட இடம் கெட்டிருக்கலாம். சதவீதம் எதுவும் வருமுன், லோகோ தெரிந்த கையோடு விழுந்தால் பிராசசர், டிரைவர் (ஒரு பாகத்தை இயக்கும் மென்பொருள்), பயாஸ் (கணினியை எழுப்பும் அடிப்படை நிரல்) அமைப்பு இவற்றில் ஏதோ ஒன்று ஒத்துப்போகவில்லை.

சரி, இத்தனை நாள் ஓடிய கணினி இப்போது மட்டும் ஏன் விழுகிறது? அன்றாட வேலையில் ரேமின் பெரும்பகுதியும் பிராசசரின் முழு வேகமும் தேவைப்படுவதே இல்லை. நிறுவலின்போது பல ஜிபி அளவுள்ள சுருக்கப்பட்ட கோப்பு ரேம் வழியாக விரிக்கப்பட்டு ஹார்ட் டிஸ்க் வட்டில் எழுதப்படுகிறது. பிராசசரும் வட்டும் நெடுநேரம் ஓய்வில்லாமல் உழைக்கின்றன. இதுவரை யாரும் தொடாத ரேம் மூலைகளும் அன்றுதான் பயன்பாட்டுக்கு வருகின்றன.

அங்கே ஒரே ஒரு பிட் (0 அல்லது 1 என்ற இலக்கம்) புரண்டால் என்ன ஆகும்? கணினியில் ‘க’ என்ற எழுத்துக்கு யூனிகோடு எண் 2965. அதன் கடைசி பிட் 1இலிருந்து 0 ஆனால் எண் 2964 ஆகிவிடும், அது ‘ஔ’. சாதாரண உரைக்கோப்பில் இது நடந்தால் ‘கடிதம்’ என்பது ‘ஔடிதம்’ ஆகும், அவ்வளவுதான். எழுத்துப்பிழை என்று நினைத்து நாம் கடந்துபோவோம். சுருக்கப்பட்ட கோப்பில் கதை வேறு. ‘முன்பு வந்த அந்தத் துண்டை இங்கே மறுபடி போடு’ என்கிற மாதிரிக் குறிப்புகளால் ஆனது அது. ஒரு குறிப்பு தப்பினால் அதை நம்பி இருக்கும் மொத்தப் பகுதியும் குப்பை. நிறுவும் நிரல் கடைசியில், கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் சரிபார்ப்பு எண்ணை ஒப்பிட்டுப் பார்த்து, பொருந்தாததால் ‘கோப்பு சிதைந்துள்ளது’ என்று அறிவிக்கும். விண்டோஸில் 80070570 என்ற பிழை எண் இப்படி வருவது உண்டு. அப்போது பென் டிரைவில் உள்ள கோப்பு நன்றாகவே இருக்கும். வழியில் ரேம் கெடுத்திருக்கும்.

இதை உறுதிசெய்ய ஒரு எளிய சோதனை உண்டு. கணினியில் பழைய இயங்குதளம் இன்னும் ஓடுகிறது என்றால், அதே ஐஎஸ்ஓ கோப்புக்கு ஷா-256 சரிபார்ப்பு எண்ணை மூன்று நான்கு முறை கணக்கிடுங்கள். வெளியிட்டவர் தந்த எண்ணோடு எப்போதும் பொருந்தாமல், ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரே எண் வந்தால் தரவிறக்கம் கெட்டது. ஒரே கோப்புக்கு ஒவ்வொரு தடவையும் வேறு எண் வந்தால் பெரும்பாலும் ரேம்தான். எல்லா முறையும் சரியாக வந்துவிட்டால் அதை வைத்து ரேமுக்கு நற்சான்றிதழ் கொடுத்துவிட வேண்டாம். இந்தச் சோதனை ரேமின் ஒரு சிறு பகுதியைத்தான் தொடுகிறது. பென் டிரைவைத் தயாரிக்கும் வேலையையும் சந்தேகத்துக்குரிய கணினியில் செய்யாதீர்கள். எழுதும்போதே கெட்டுப்போக வாய்ப்பிருக்கிறது.

முறையான சோதனைக்கு மெம்டெஸ்ட்86+ இருக்கிறது. பென் டிரைவிலிருந்து நேரடியாக பூட் ஆகும். பயாஸின் புதிய வடிவமான யூஈஎஃப்ஐ இல்லாத பழைய மதர்போர்டிலும் ஓடும். ஒரு சுற்று முடிந்ததும் நிறுத்திவிடாமல் இரவு முழுக்க ஓடவிடுங்கள். சில பிழைகள் சிப் சூடான பிறகுதான் தலைகாட்டும். எத்தனை பிழை வரை பரவாயில்லை என்று கேட்பவர்கள் உண்டு. ஒன்றுகூடக் கூடாது. பிழை வந்தால் மின்கம்பியைக் கழற்றி, பவர் பொத்தானைச் சில விநாடி அழுத்தி மிச்ச மின்னூட்டத்தை வெளியேற்றுங்கள். பிறகு ரேம் குச்சிகளை எடுத்து, பொன்னிறத் தகடுகளை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, ஒரு குச்சியை மட்டும் போட்டுச் சோதியுங்கள். பிழை குச்சியோடு வேறு ஸ்லாட்டுக்கும் போனால் குச்சி கெட்டது. எந்தக் குச்சியைப் போட்டாலும் அதே ஸ்லாட்டில் மட்டும் வந்தால் ஸ்லாட். தனித்தனியாகத் தேறி, சேர்த்துப் போட்டால் மட்டும் பிழை வருவதும் உண்டு. வேறு வேறு வேகமுள்ள குச்சிகளைக் கலந்து போட்ட கணினிகளில் இது சகஜம். பயாஸில் இயல்பு அமைப்புகளுக்குத் திரும்பி, யாரோ எப்போதோ ஏற்றிவைத்த வேகத்தைக் குறைத்துப் பாருங்கள்.

இனி, ஒரே இடத்தில் நிற்கும் வகை. முதலில், உண்மையிலேயே நின்றுவிட்டதா என்று பாருங்கள். விசைப்பலகையில் கேப்ஸ் லாக்கை அழுத்தினால் விளக்கு மாறுகிறதா? மாறினால் கணினி உயிரோடுதான் இருக்கிறது. பெரும்பாலும் கெட்ட செக்டார் (வட்டின் ஒரு சிறு துண்டு) ஒன்றைப் படிக்க வட்டு திரும்பத் திரும்ப முயன்றுகொண்டிருக்கும். விண்டோஸ் நிறுவலின்போது ஷிஃப்ட்டையும் எஃப்10ஐயும் சேர்த்து அழுத்தினால் கட்டளைச் சாளரம் திறக்கும். லினக்ஸில் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்2 மூன்றையும் அழுத்தி வேறு முனையத்துக்குப் போய் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) தரும் செய்திகளைப் பார்க்கலாம். அங்கே உள்ளீடு-வெளியீட்டுப் பிழை என்று வரிசையாக வந்தால் எந்தச் சாதனத்தின் பெயர் கூடவே வருகிறது என்று கவனியுங்கள். பென் டிரைவா, வட்டா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

வட்டு என்றால், அது தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் அட்டவணையைப் படியுங்கள். நான்கு வரிசை எண்களைப் பார்த்தால் போதும். 5 என்பது ஏற்கெனவே மாற்றிடம் கொடுக்கப்பட்ட செக்டார்கள், 197 தீர்ப்புக்குக் காத்திருப்பவை, 198 மீட்க முடியாதவை. இவை பூஜ்யத்தில் இல்லாமல் நாளுக்கு நாள் ஏறினால் அந்த வட்டில் புது இயங்குதளம் போடுவது வீண்வேலை. 199 மட்டும் ஏறுகிறதா? அது வட்டின் குற்றமே அல்ல. பெரும்பாலும், வட்டை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளின் குற்றம். கேபிளை மாற்றிப் பாருங்கள். இது தெரியாமல் நல்ல வட்டைத் தூக்கிப் போட்டவர்கள் நிறைய.

யூஎஸ்பி துளையும் தொல்லை தரும். விண்டோஸ் 7 நிறுவியில் யூஎஸ்பி 3.0 டிரைவர் கிடையாது. நீல நிறத் துளையில் செருகினால் பூட் ஆகிவிட்டு, பிறகு ‘சிடி/டிவிடி டிரைவர் காணவில்லை’ என்று குழப்பமாக ஏதோ கேட்கும். கறுப்பு நிற 2.0 துளைக்கு மாற்றினால் தீர்ந்தது.

லோகோவிலேயே விழுவதற்குப் பல நேரம் பிராசசரின் வயதே காரணம். விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்புக்கு பாப்கவுண்ட், எஸ்எஸ்இ 4.2 என்ற பிராசசர் கட்டளைகள் கட்டாயம். கோர் 2 டுவோவில் அவை இல்லை. டிபிஎம் (பாதுகாப்புச் சிப்) சோதனையைத் தந்திரமாகத் தாண்டிவிடலாம், சிலிக்கானில் இல்லாத கட்டளையை எப்படித் தாண்டுவது? 2022இல் வந்த ரெட் ஹாட் லினக்ஸ் 9உம் இதே கட்டளைகளை உள்ளடக்கிய எக்ஸ்86-64-வி2 தரத்தைக் கேட்பதால் அதே பிராசசரில் தொடக்கத்திலேயே மடிந்துவிடும். 32 பிட் மட்டுமே தெரிந்த பிராசசர் என்றால் வழி இன்னும் குறுகல். உபுண்டு 2017இலேயே 32 பிட் டெஸ்க்டாப் நிறுவியை நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11இல் 32 பிட் பதிப்பே கிடையாது.

பிராசசர் போதுமானதாக இருந்தும் லினக்ஸ் நிறுவலில் திரை கறுத்துப்போனால், பழைய கிராஃபிக்ஸ் கார்டுக்கான டிரைவர் தடுமாறுகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். பூட் பட்டியலில் ‘இ’ (e) விசையை அழுத்தி, லினக்ஸ் (linux) என்று தொடங்கும் வரியின் முடிவில் ‘நோமோட்செட்’ (nomodeset) என்று சேர்த்துத் தொடருங்கள். திரை கொஞ்சம் கரடுமுரடாகத் தெரியும். நிறுவி முடிக்க அது போதும்.

எந்தச் செய்தியும் இல்லாமல் படக்கென்று அணைந்தால் மென்பொருளை விட்டுவிட்டுப் பெட்டியைத் திறங்கள். பிராசசரைக் குளிர்விக்கும் ஹீட் சிங்க்கின் இடுக்குகளில் தூசி கம்பளியாகப் படிந்திருக்கும். அதற்கும் பிராசசருக்கும் நடுவே உள்ள பல வருடத் தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொருக்காகி இருக்கும். ஆல்கஹாலால் பழையதைத் துடைத்து, பட்டாணி அளவு புதிதாக வைத்தால் போதும்; அதிகம் வைத்தால் அதிகம் குளிராது. சூடு குறைந்தும் அணைகிறது என்றால் மின்சாரம் வழங்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்தான் மிச்சம். கணினி வேலை செய்துகொண்டிருக்கும்போது மல்டிமீட்டரால் அளந்தால் 12 வோல்ட் தடம் 11.4க்கும் 12.6க்கும் நடுவிலும், 5 வோல்ட் தடம் 4.75க்கும் 5.25க்கும் நடுவிலும் இருக்க வேண்டும். சும்மா இருக்கும்போது சரியாகக் காட்டிவிட்டு வேலை ஏறியதும் சரிவதுதான் பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் குணம். அளந்து முடித்து மின்சாரத்தைத் துண்டித்த பிறகு, மதர்போர்டில் உள்ள உருளைக் கெபாசிட்டர்களின் தலையையும் பாருங்கள். தட்டையாக இருக்க வேண்டியவை உப்பியிருந்தாலோ பழுப்புக் கசிவு தெரிந்தாலோ எந்த ஐஎஸ்ஓவும் உதவாது. 2000களின் முற்பகுதியில் செய்த போர்டுகளில் இது பரவலான நோய்.

ஒரு வினோதம் பாக்கி. இரவு நிறுவல் அழகாக முடிகிறது, கணினியும் ஓடுகிறது. சுவர் ஸ்விட்சை அணைத்துவிட்டுப் படுத்தால், காலையில் 7பி என்ற எண்ணோடு நீலத் திரை. ஹார்ட் டிஸ்க்கைக் குறை சொல்ல வேண்டாம், பயாஸில் தேதியைப் பாருங்கள். பல வருடம் பின்னால் போயிருந்தால் மதர்போர்டின் சிஆர்2032 பேட்டரி செத்துவிட்டது. மின்சாரம் வந்துகொண்டிருந்தவரை அமைப்புகள் நினைவில் இருந்தன. நின்றதும் எல்லாம் அழிந்து, வட்டோடு பேசும் சாட்டா முறை ஏஎச்சிஐயிலிருந்து பழைய ஐடிஈக்குத் திரும்பிவிட்டது. விண்டோஸ் தன் வட்டைத் தேடித் திகைக்கிறது. 3 வோல்ட் பேட்டரி ஒன்றை மாற்றி, சாட்டா முறையை மறுபடி ஏஎச்சிஐக்குக் கொண்டுவந்தால், மறுநிறுவல் இல்லாமலே எழுந்துகொள்ளும்.