வெயில் பட்ட செல் ஏன் கொலாஜன் செய்வதைக் குறைக்கிறது?

28 ஆண்டுகள் லாரி ஓட்டிய ஓர் அமெரிக்கரின் முகப்படம் 2012-ல் ஒரு மருத்துவ இதழில் வந்தது. அவருக்கு வயது 69. வலது கன்னத்தைவிட, ஜன்னலை ஒட்டியிருந்த இடது கன்னம் தடித்துத் தொங்கி, ஆழமான சுருக்கங்களோடு பல வருடம் மூத்ததாகத் தெரிந்தது. கண்ணாடி புறஊதா-பி கதிரைப் பெருமளவு தடுத்துவிடும். புறஊதா-ஏ கதிரில் கணிசமான பகுதியை உள்ளே விட்டுவிடும். இந்த ஏ கதிர்தான் மேல்தோலைத் தாண்டி, தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற இழைப்புரதம் இருக்கும் உள்தோல் வரை இறங்குகிறது.

வெயிலில் கொலாஜன் தானாக இற்றுப்போகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் செல்லே அதை வெட்டுவதற்கான நொதியைச் சுரக்கிறது. புதிதாகச் செய்வதையும் குறைத்துக்கொள்கிறது.

கொலாஜனைச் செய்பவை ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள். சுமார் 1000 அமினோ அமிலங்கள் கொண்ட புரதச் சங்கிலிகள் மூன்று, முப்புரிக் கயிறு போல முறுக்கிக்கொள்கின்றன. அந்த முறுக்கு உடல் சூட்டில் பிரியாமல் இருக்க, சங்கிலியிலுள்ள புரோலின்கள் பலவற்றில் ஹைட்ராக்சில் சேர்க்கப்பட வேண்டும். சேர்க்கும் நொதிக்கு இரும்பு தேவை. அந்த இரும்பு ஆக்சிஜனேற்றமடைந்து முடங்கிவிடாமல் பார்த்துக்கொள்வது வைட்டமின் சி. அது கிடைக்காமல் ஸ்கர்வி வந்த மாலுமிகளுக்கு ஈறுகளில் ரத்தம் கசிந்ததும், ஆறிப்போன பழைய காயங்கள் மறுபடி திறந்துகொண்டதும் இதனால்தான்.

கதிர் பட்டதும் செல்லுக்குள் சூப்பர் ஆக்சைடும், அதிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடும் பெருகுகின்றன. இவற்றை முறிக்கச் செல் வைத்திருக்கும் கேட்டலேஸ், குளூட்டாதயோன் போன்றவை சமாளிக்க முடியாத அளவுக்குப் பெருகினால் அதுவே ஆக்சிஜனேற்ற அழுத்தம்.

செல்லின் மேற்பரப்பில், வெளியிலிருந்து வரும் வளர்ச்சிக் காரணிகளின் செய்தியை வாங்கி உள்ளே அனுப்பும் ஏற்பிகள் இருக்கின்றன. தேவையில்லாதபோது அவற்றை அணைத்து வைப்பவை பாஸ்பட்டேஸ் நொதிகள். இந்த நொதியின் மையத்தில் சிஸ்டைன் என்ற அமினோ அமிலத்தின் கந்தக அணு ஒன்று இருக்கிறது. பெராக்சைடு அந்த ஒற்றை அணுவை ஆக்சிஜனேற்றம் செய்தால் போதும், நொதி செயலிழந்துவிடும். அணைக்க ஆளில்லாத ஏற்பி, வளர்ச்சிக் காரணி எதுவும் வராமலே செய்தி அனுப்பத் தொடங்குகிறது. அந்தச் செய்தி உட்கருவில், மரபணுக்களை இயக்கும் ஏபி-1 என்ற புரதத்தைத் தூண்டுகிறது. அதன் விளைவாக, கொலாஜனை முக்கால், கால் என இரண்டாக வெட்டும் எம்எம்பி-1 நொதி சுரக்கிறது. கொலாஜன் செய்யத் தூண்டும் டிஜிஎஃப்-பீட்டாவின் ஏற்பியும் குறைந்துவிடுகிறது. தோல் சிவக்காத அளவு கதிரே ஏபி-1-ஐத் தூண்டப் போதுமானது என்று மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஃபிஷர், வூர்ஹீஸ் குழு 1996-ல் காட்டியது. ‘எனக்கு வெயில் சுடவே இல்லையே’ என்று தைரியமாக இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வெட்டுண்ட கொலாஜனும் லேசில் போவதில்லை. தோலில் கொலாஜனின் அரை ஆயுள், அதாவது இருப்பதில் பாதி மாறிப்போக ஆகும் காலம், ஏறத்தாழ 15 ஆண்டுகள். ஃபைப்ரோபிளாஸ்ட் தன்னைச் சுற்றியுள்ள இழைகளைப் பற்றிக்கொண்டு நீண்டு விரிந்திருக்கும் செல். இழை துண்டானால் பிடிமானம் போய்ச் சுருங்கிவிடுகிறது. சுருங்கிய செல்லில் ஆக்சிஜனேற்ற அழுத்தமும் எம்எம்பி-1-உம் கூடுகின்றன, கொலாஜன் உற்பத்தி இன்னும் குறைகிறது. இந்தக் கட்டத்துக்குப் பிறகு சேதம் தொடர வெயில்கூடத் தேவையில்லை.

எல்லா உறுப்புகளிலும் இப்படித்தான் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கல்லீரலில் இதே ஆக்சிஜனேற்ற அழுத்தம் நட்சத்திர வடிவ செல்களைத் தூண்டி, கொலாஜனை அளவுக்கு மீறிக் குவிக்கிறது. நார்த்திசு பெருகி, ஈரல் இறுகிவிடுகிறது.

மிச்சிகன் ஆய்வாளர்கள் 2007-ல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. வெயிலில் சேதமான முன்கைத் தோலுக்குள் அவர்கள் ஹையலூரானிக் அமில ஜெல்லை ஊசியால் செலுத்தினார்கள். ஜெல் இடத்தை நிரப்பி இழைகளை இழுக்க, அருகிலிருந்த ஃபைப்ரோபிளாஸ்ட்டுகள் நீண்டு விரிந்து மறுபடி கொலாஜன் செய்தன. பின்னர் 70 வயதைத் தாண்டியவர்களின் தோலிலும் அதே பலன் கிடைத்தது.