புல்லைப் பிடிப்பது யார்?

"இரண்டு ஏக்கர் புல்தரை. நடுவே பதினைந்து மரங்கள், ஒரு பக்கம் சரிவு. உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன். எத்தனை எச்.பி. வாங்கலாம்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

இந்த வண்டிகளைப் பற்றி யார் கேட்டாலும் முதல் கேள்வி எச்.பி.தான். என்னைக் கேட்டால் அது கடைசிக் கேள்வி. இன்ஜினைப் பார்ப்பதற்கு முன்னால் வண்டிக்கு அடியில் என்ன நடக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். அங்கே நடப்பது அவ்வளவு அழகான இயற்பியல். அது புரிந்துவிட்டால் எந்த வண்டி வேண்டும் என்பது பெரும்பாலும் தானாகவே தெளிந்துவிடும்.

எதை வெட்டுவதற்கும் கூர் மட்டும் போதாது, பிடியும் வேண்டும். அரிவாளால் புல் அறுப்பவரைப் பாருங்கள். இடது கை கொத்தாகப் பிடித்துக்கொள்கிறது, வலது கை அரிவாளை இழுக்கிறது. இடது கையை எடுத்துவிட்டால் எவ்வளவு கூரான அரிவாளுக்கும் புல் வளைந்து கொடுத்துத் தப்பிவிடும். கத்தரிக்கோலில் இந்த இடது கையின் வேலையை இரண்டாவது அலகு செய்கிறது.

புல்வெட்டும் இயந்திரம் பிறந்ததும் இப்படித்தான். இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் பகுதியைச் சேர்ந்த எட்வின் பட்டிங் என்ற பொறியாளர், கம்பளித் துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் இழைகளைச் சீராகக் கத்தரிக்கும் ஆலை இயந்திரத்தைப் பார்த்து, இதையே புல்லுக்கும் செய்தால் என்ன என்று யோசித்தார். 1830-இல் காப்புரிமை வாங்கினார். உருளையில் சுருளாகச் சுற்றிய பிளேடுகள், கீழே அசையாத ஒரு பட்டைக் கத்தி. இரண்டுக்கும் நடுவில் புல் சிக்கும், வெட்டுப்படும். கோல்ஃப் மைதானத்தில் கம்பளம் விரித்தாற்போல் தெரியும் புல்தரைகளை இன்றும் இந்த வகை இயந்திரம்தான் வெட்டுகிறது.

ஆனால் நீங்கள் வாங்கப் போகும் வண்டி பெரும்பாலும் வேறு சாதி. அதன் அடியில் தட்டையான இரும்புப் பிளேடு ஒன்றோ இரண்டோ மூன்றோ, மின்விசிறி மாதிரி படுக்கைவாட்டில் சுழலும். எதிர்ப்பக்கம் இன்னொரு கத்தி கிடையாது. புல்லைப் பிடித்துக்கொள்ள யாருமே இல்லை. அப்படியானால் எப்படி வெட்டுகிறது?

புல்லைப் புல்லே பிடித்துக்கொள்கிறது. அதன் நிலைமம்தான் பிடி.

அடுக்கி வைத்த கேரம் காய்களில் அடிக்காயை ஸ்ட்ரைக்கரால் வேகமாக அடிக்கும் பள்ளிச் சோதனை நினைவிருக்கும். அடிக்காய் மட்டும் பறந்துவிடும். மற்றவை நின்ற இடத்திலேயே இறங்கி உட்காரும். மெதுவாகத் தள்ளினால் அடுக்கே நகரும். புல்லிலும் அதே கதை. பிளேடின் நுனி விநாடிக்கு சுமார் 90 மீட்டர் வேகத்தில் வருகிறது. மணிக்கு 324 கிலோமீட்டர். 3 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு புல்லிதழை அது கடந்துபோக ஆகும் நேரம், விநாடியின் பத்து லட்சத்தில் 33 பங்கு. வளைய வேண்டும் என்ற செய்தி தண்டு வழியாகக் கொஞ்ச தூரம் போவதற்குள் வெட்டு முடிந்துவிடுகிறது. வளைவதற்குப் புல்லுக்கு நேரமே கிடைப்பதில்லை.

பிடி இருந்தால் இவ்வளவு வேகம் தேவையே இல்லை. வைக்கோலுக்காகப் புல் அறுக்கும் சீப்புக் கத்தி இயந்திரங்களில் பல் பல்லாக இருக்கும் கத்தி, நிலையான பற்களுக்கு நடுவே முன்னும் பின்னும் ஓடுகிறது. அதற்கு விநாடிக்கு 2, 3 மீட்டர் வேகமே போதும். பிடியை எடுத்துவிட்டதற்காகச் சுழல் பிளேடு கட்டும் விலை, முப்பது மடங்கு வேகம்.

இந்த வேகத்துக்கு மேல்வரம்பும் உண்டு. அமெரிக்கப் பாதுகாப்புத் தரநிலை பிளேடு நுனியின் வேகத்தை நிமிடத்துக்கு 19,000 அடி என்று கட்டிப்போட்டிருக்கிறது. விநாடிக்கு சுமார் 96 மீட்டர். வேகம் கூடக் கூட, பிளேடு தட்டிவிடும் கல்லின் ஆபத்தும் கூடும். ஆக, பெரிய வண்டியோ சின்ன வண்டியோ, பிளேடு நுனிகள் எல்லாமே ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் ஓடுகின்றன. எச்.பி. கூடினால் வெட்டின் தரம் கூடும் என்பது வெறும் மூடநம்பிக்கை.

அப்புறம் தரம் எதில் இருக்கிறது? காற்றில்.

ஒரு முறை இன்ஜினை அணைத்து, ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றிவிட்டு, முட்டுக்கொடுத்துத் தூக்கி வைத்த வண்டிக்கு அடியில் டார்ச் விளக்கோடு எட்டிப் பார்த்தேன். பிளேடு முழுக்கக் கூராக இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். அப்படியில்லை. இரண்டு முனைகளிலும் நாலைந்து விரற்கடை நீளத்துக்கு மட்டுமே கூர்; மீதியெல்லாம் மழுங்கிய பட்டை இரும்பு. அந்தக் கூருக்கு நேர் பின்னால், பின்விளிம்பு நத்தை ஓடு மாதிரி மேல்நோக்கிச் சுருண்டிருந்தது. அந்தச் சுருட்டுதான் இந்த இயந்திரத்தின் உயிர். அதைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் தரையில் கிடந்தேன்.

பிளேடு சுழலும்போது அந்தச் சுருண்ட விளிம்பு காற்றை மேலே தள்ளுகிறது. பிளேடுகளை மூடியிருக்கும் கவிழ்த்த தாம்பாளம் போன்ற டெக்கின் விளிம்புக்கு அடியிலிருந்து வெளிக்காற்று உள்ளே பாய்கிறது. அந்த இழுப்பில், சாய்ந்து கிடக்கும் புல், டயர் மிதித்த புல் எல்லாம் எழுந்து நிற்கிறது. எழுந்து நிற்கும் அந்தக் கணத்தில் கூர் வந்து வெட்டுகிறது. வெட்டுண்ட துணுக்கை அதே காற்று தூக்கி, டெக்கின் உட்சுவரை ஒட்டிச் சுழற்றி, வாய் வழியாக வெளியே எறிகிறது. எழுப்புவது, வெட்டுவது, தூக்கிப் போடுவது ஆகிய மூன்று வேலைகளையும் ஒரே இரும்புத் துண்டு செய்கிறது. கத்தி கட்டிய மின்விசிறி என்றே இதைச் சொல்லலாம். இன்ஜினின் ஆற்றலில் கணிசமான பங்கு காற்றைத் தள்ளுவதற்கே போகிறது.

இதிலிருந்து நேராக ஒரு பாடம் வருகிறது. காற்றின் தூக்கு விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. இன்ஜின் வேகத்தை 20 சதவீதம் குறைத்தால் தூக்கு விசை 64 சதவீதமாகிவிடும். முதன்முதலாக இந்த வண்டியை ஓட்டியபோது பெட்ரோல் மிச்சமாகட்டும் என்று த்ராட்டிலைப் பாதியில் வைத்து ஓட்டினேன். போன வழியெல்லாம் இரண்டு கோடுகளாக, டயர் மிதித்த புல் வெட்டுப்படாமல் கிடந்தது. புல்லை எழுப்பக் காற்று போதவில்லை. இன்ஜின் எப்போதும் முழு வேகத்தில்தான் ஓட வேண்டும்.

இங்கேதான் கியர் விஷயம் வருகிறது. பிளேடு எப்போதும் முழு வேகத்தில் ஓட வேண்டும். ஆனால் வண்டி, அடர்த்தியான புல்லில் ஊர்ந்தும் மெல்லிய புல்லில் விரைந்தும் போக வேண்டும். சாதாரணக் கியர் என்றால் ஒவ்வொரு முறையும் நிறுத்தி மாற்ற நேரும். ஹைட்ரோஸ்டேட்டிக் என்று எழுதியிருக்கும் வண்டிகளில் இன்ஜின் ஓர் எண்ணெய்ப் பம்பைச் சுற்றுகிறது. வட்டமாக அடுக்கிய சின்னச் சின்னப் பிஸ்டன்கள் ஒரு சாய்தட்டின் மேல் வழுக்கிக்கொண்டு சுழலும். தட்டு நேராக இருந்தால் பிஸ்டன் அசையாது, எண்ணெய் நகராது, வண்டி நிற்கும். தட்டைக் கொஞ்சம் சாய்த்தால் கொஞ்சம் எண்ணெய், மெதுவான ஓட்டம். எதிர்ப்பக்கம் சாய்த்தால் பின்னோக்கிப் போகும். கிளட்ச் கிடையாது, படிப்படியான கியர் கிடையாது. காலால் மிதிப்பது அந்தத் தட்டின் சாய்வைத்தான். விலை கூடத்தான் செய்யும். இருந்தாலும் மரங்கள் உள்ள நிலத்துக்கு இதை வாங்குங்கள் என்று தயங்காமல் சொல்வேன்.

இரண்டு பின்சக்கரங்களுக்கும் தனித்தனிப் பம்ப் வைத்து, ஸ்டீயரிங்குக்குப் பதில் இரண்டு நெம்புகோல் கொடுத்தால் அதுதான் ஜீரோ டர்ன். ஒரு சக்கரம் முன்னால், ஒரு சக்கரம் பின்னால் என்று சுற்றினால் நின்ற இடத்திலேயே திரும்பும். மரத்தைச் சுற்றி ஒட்டி வெட்ட இதைவிட நல்லது இல்லை. ஆனால் முன்சக்கரங்கள், சூப்பர் மார்க்கெட் டிராலிக்கு இருப்பது போலத் தன்பாட்டுக்குத் திரும்புபவை. திசையைப் பிடித்துக்கொள்ளும் சக்தி அவற்றுக்கு இல்லை. சரிவில், அதுவும் ஈரப்புல்லில், பின்சக்கரம் வழுக்கிவிட்டால் வண்டி உங்கள் பேச்சைக் கேட்காது.

சரிவைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இங்கே தவறினால் உயிர் போகும். பெரும்பாலான வண்டிகளின் கையேடு 15 பாகைக்கு மேல் போகாதே என்கிறது, சிலவற்றில் 10தான். 15 பாகை என்றால், கிடைமட்டமாக 100 மீட்டர் போவதற்குள் 27 மீட்டர் ஏற்றம். இது என்ன பெரிய சரிவு என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். சக்கரங்களுக்கு இடையே 80 செ.மீ., ஆளோடு சேர்த்து ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 60 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொள்வோம். பக்கவாட்டில் கவிழும் கோணம் சுமார் 34 பாகை. தாராளமாகத்தான் தெரிகிறது. மேல்பக்கச் சக்கரம் 10 செ.மீ. மேட்டில் ஏறினால் அதில் 7 பாகை போச்சு. மணிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் 2 மீட்டர் ஆரத்தில் திரும்பினால் இன்னொரு 8 பாகை போச்சு. மிச்சம் 19. அதிலிருந்து வழுக்கலுக்கும் நீங்கள் தடுமாறுவதற்கும் கழித்துக்கொள்ளுங்கள். 15 என்ற எண் அதீத எச்சரிக்கை அல்ல. போனில் சாய்வு பார்க்கும் வசதி இருக்கிறது; பலகையை நிலத்தில் வைத்து அதன் மேல் போனை வைத்து அளந்துவிட்டு வண்டி பார்க்கப் போங்கள். ஓட்டும்போது சரிவில் குறுக்கே போகாமல் மேலும் கீழுமாகவே போங்கள்.

அகலம்? அகலமான டெக் சீக்கிரம் முடிக்கும் என்பது உண்மைதான், ஆனால் நினைக்கிற அளவுக்கு இல்லை. 107 செ.மீ. டெக், மணிக்கு 6 கி.மீ. என்றால் மணிக்கு 6,420 சதுர மீட்டர். ஒன்றன்மேல் ஒன்று படியும் பட்டைகள், திருப்பங்கள் எல்லாம் போக 80 சதவீதம் என்று வைத்தால் 5,100. ஓர் ஏக்கர் 4,047 சதுர மீட்டர். இரண்டு ஏக்கருக்கு சுமார் ஒன்றரை மணி நேரம் ஆகும். 137 செ.மீ. டெக்கில் இருபது நிமிடம் மிச்சமாகும். அந்த இருபது நிமிடத்துக்காக மரங்களுக்கு நடுவே நுழைய முடியாத வண்டியை வாங்க வேண்டுமா? இன்னொன்று, அகலமான டெக் மேட்டின் மேல் போகும்போது இரண்டு ஓரமும் அந்தரத்தில் நிற்க, நடுப்பகுதி மண்ணையே சுரண்டும்.

சுரண்டினால் என்ன, புல்தானே என்று விட முடியாது. புல் வெட்ட வெட்ட வளர்வதற்குக் காரணம், இலையின் வளர்ச்சித் திசு நுனியில் இல்லாமல் அடியில் இருப்பதுதான். மேயும் விலங்குகளோடு கோடிக்கணக்கான ஆண்டுகள் வாழ்வதற்குக் கைகொடுத்த ஏற்பாடு அது. மேலே எவ்வளவு எடுத்தாலும் கீழிருந்து தள்ளிக்கொண்டு வரும். அந்த அடித்திசுவையே வெட்டிவிட்டால் கதை முடிந்தது. ஒரு தடவைக்கு உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காமல் இருப்பது நல்லது. இலை குறைந்தால் வேரும் மேலோடு நின்றுவிடும்.

வெட்டிய புல்லை என்ன செய்வது என்பதை வாங்கும் முன்பே முடிவு செய்யுங்கள். அடிக்கடி வெட்டுபவர் என்றால் மல்ச்சிங் டெக் நல்லது. வாயை மூடி, துணுக்கை உள்ளேயே சுழற்றித் திரும்பத் திரும்ப வெட்டித் தூளாக்கி மண்ணிலேயே போட்டுவிடும், தழைச்சத்தும் மண்ணுக்கே போகும். மாதம் ஒரு முறைதான் வெட்டுவேன் என்றால் பக்கவாட்டில் எறியும் வகை. முழங்கால் உயரப் புல்லும் புதருமாக இருந்தால் இந்த வண்டிகள் எதுவுமே வேண்டாம். டெக் அடைத்துக்கொண்டு நின்றுவிடும். அதற்கு, சுழலும் இரும்புத் தண்டில் தொங்கும் சின்னச் சின்னக் கத்திகள் அடித்து நொறுக்கும் ஃப்ளெயில் வகை அல்லது நான் மேலே சொன்ன சீப்புக் கத்தி. பேட்டரி வண்டிகளும் இப்போது வருகின்றன. பல வண்டிகளில் ஒவ்வொரு பிளேடுக்கும் தனி மோட்டார், பெல்ட் இல்லை, அடர்ந்த புல் வந்தால் மோட்டாரே கூடுதல் மின்சாரம் இழுத்து வேகத்தைக் காப்பாற்றும். அந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரே மூச்சில் உங்கள் நிலம் முடியுமா என்று மட்டும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

புல் வெட்டுப்படுவதை அளந்து பார்க்கும் ஆராய்ச்சிக்கு யாரும் ஆவலோடு பணம் கொடுப்பதில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. சுருட்டின் கோணத்தைக் கொஞ்சம் மாற்றினால் எத்தனை எரிபொருள் மிச்சமாகும், சத்தம் எவ்வளவு குறையும் என்பதெல்லாம் உலகெங்கும் தினமும் ஓடும் வண்டிகளுக்குப் பயன்படும் கேள்விகள். ராக்கெட்டுக்கு இருக்கும் மதிப்பு இதற்கும் வர வேண்டும்.

வாங்கிய பின் பிளேடைத் தீட்டும்போது ஒரு கவனம். ஒரு பக்கம் அதிகமாகத் தேய்த்து 10 கிராம் வித்தியாசம் வந்துவிட்டது என்று வையுங்கள். முனை விநாடிக்கு 90 மீட்டரில் ஓடும்போது, அந்த 10 கிராம் அச்சை 31 கிலோ எடைக்குச் சமமான விசையோடு இழுக்கும், அதுவும் விநாடிக்கு 50 தடவைக்கு மேல் திசை மாறி மாறி. பேரிங் எத்தனை நாள் தாங்கும்? தீட்டியதும் பிளேடின் நடு ஓட்டையை ஓர் ஆணியில் மாட்டிப் பாருங்கள். எந்தப் பக்கம் தாழ்கிறதோ அந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் தேய்க்க வேண்டும்.

சரி, எத்தனை எச்.பி.? 107 செ.மீ. டெக்கோடு வரும் பெட்ரோல் வண்டிகளில் பொதுவாக 17 முதல் 22 வரை இருக்கும். அதில் எதுவானாலும் உங்கள் இரண்டு ஏக்கருக்குப் போதும். சரிவு 10 பாகையைத் தாண்டினால் ஜீரோ டர்ன் வேண்டாம், ஸ்டீயரிங் உள்ள ஹைட்ரோஸ்டேட்டிக் வண்டியாகப் பாருங்கள். 15-ஐத் தாண்டும் இடத்தில் எந்த வண்டியும் ஏற்றாதீர்கள். விற்பவரிடம் டெக்கைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள், பிளேடின் சுருட்டைக் கண்ணால் பாருங்கள். ஓட்டிப் பார்க்க விட்டால் ஒரு பட்டை வெட்டிவிட்டு, மறுநாள் காலை அங்கே போய் ஒரு புல்லைப் பறித்து நுனியைப் பாருங்கள். நேர்கோடாகப் பச்சையாக இருந்தால் பிளேடு வெட்டியிருக்கிறது. நார் நாராகப் பிய்ந்து வெளுத்திருந்தால், வெட்டவில்லை, கிழித்திருக்கிறது.