கப்பலுக்கு உங்கள் படகு தெரியுமா?

முல்லைத்தீவின் நாயாற்றுக்கு வெளியே இரவில் வலை விரித்துக் காத்திருக்கும்போது, தொலைவில் ஒரு கப்பல் வெளிச்சம். மணிக்கு 15 கடல் மைல் வேகத்தில் வந்தால், 5 கடல் மைலைக் கடக்க அதற்கு 20 நிமிடம் போதும். அதற்குள் உங்கள் படகைக் கப்பலுக்குக் காட்டக்கூடிய கருவிகள் இரண்டு.

ஒன்று ரேடார். அது அலையை அனுப்பி எதிரொலியைப் பார்க்கிறது. உங்களிடம் எந்தக் கருவியும் இருக்கத் தேவையில்லை. ஆனால் இரும்பு உடல் கொடுக்கும் எதிரொலியை பைபர் படகு கொடுப்பதில்லை. இயந்திரம் மட்டும் மங்கலாகத் தெரியலாம். வாடைக்காற்றில் கடல் குமுறும்போது அலைகளே திரையெங்கும் புள்ளிகளாகின்றன. அந்த இரைச்சலைக் குறைக்க மாலுமி திருகைத் திருப்பினால், உங்கள் புள்ளியும் சேர்ந்தே அழிந்துவிடலாம்.

மற்றது ஏ.ஐ.எஸ். (தானியங்கி அடையாள முறை) ட்ரான்ஸ்பொண்டர். கப்பல் தன் பெயர், ஒன்பது இலக்க எண், இடம், திசை, வேகம் ஆகியவற்றைத் தானே வானொலியில் அறிவிக்கும்; மற்றக் கப்பல்களின் திரையில் அது தெரியும். பெரிய கப்பல்கள் ஓடும்போது 2 முதல் 10 விநாடிக்கொரு தடவை இது நடக்கிறது. மழையும் அலையும் இதை மறைப்பது அரிது. ஆனால் கருவி இல்லாதவர் அந்தத் திரையில் இல்லவே இல்லை. ரேடார், ஏ.ஐ.எஸ். இரண்டையும் துறைமுகங்கள் சேர்த்துப் பார்ப்பது இதனால்தான்.

யாருக்குக் கட்டாயம்? கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான 'சோலாஸ்' சர்வதேச உடன்படிக்கையின்படி, வெளிநாட்டுப் பயணம் செய்யும் 300 மொத்தத் தொன்னுக்குக் குறையாத கப்பல்கள், உள்நாட்டில் ஓடும் 500 தொன்னுக்குக் குறையாத சரக்குக் கப்பல்கள், அளவு எதுவாயினும் எல்லாப் பயணிகள் கப்பல்களும் ஏ.ஐ.எஸ். வைத்திருக்க வேண்டும். வெளிநாட்டுப் பயணம் செய்யும் கப்பல்களுக்கு 2004 முடிவிலிருந்து இதுவே விதி. உங்கள் 18 அடி, 23 அடிப் படகுகள் இதற்குள் வருவதில்லை.

இங்கே பலர் குழம்புவது ஒன்று உண்டு. ஆழ்கடலுக்குப் போகும் பலநாள் படகுகளில் பொருத்தப்படும் வி.எம்.எஸ். (படகுக் கண்காணிப்பு முறை) கருவி வேறு. அது செய்மதி வழியாகக் கடற்றொழில் திணைக்களத்தின் கண்காணிப்பு நிலையத்துக்கே தகவல் அனுப்புகிறது. எதிரே வரும் கப்பலுக்கு அது எதையும் சொல்லாது. அதை நம்பி விளக்கை அணைத்துவிட்டுப் படுப்பது உயிருக்கு ஆபத்து.

சிறு படகுகளுக்கென 'பி' வகை ஏ.ஐ.எஸ். இருக்கிறது, வாங்க முடிந்தவர்கள் வாங்குங்கள். முடியாதவர்கள் ரேடார் பிரதிபலிப்பானையாவது கட்டுங்கள். மூன்று உலோகத் தகடுகள் ஒன்றுக்கொன்று செங்குத்தாகப் பொருந்தியிருப்பதால், வந்த அலையை வந்த திசைக்கே அது திருப்பும். கம்பின் உச்சியில், அலை மறைக்காத உயரத்தில் இறுகக் கட்டுங்கள். அதற்கும் மேலே, எந்தப் பக்கமிருந்தும் தெரியும் வெள்ளை விளக்கு விடியும்வரை எரியட்டும்.