வெறும் மண்ணு தானேன்னு இனிமே யாரும் சொல்லாதீங்க

இந்த மாசம் இது மூணாவது தடவை. கனடால பிரிட்டிஷ் கொலம்பியால, மரம் ஏத்துற லாரி ஓடுற காட்டு ரோடுங்கள இன்ஸ்பெக்‌ஷன் பண்றது என் பொழப்பு, நேத்தும் அதே கதைதான், கிரேடர்ல (ரோட்ட பிளேடால சுரண்டி சமன் பண்ற வண்டி) ரோட்டு சேத்த மொத்தமா வழிச்சு பாலத்தோரமா தள்ளி விட்டுருக்காங்க, ராத்திரி மழை, காலைல ஓடை டீ கலர்ல ஓடுது. கேட்டா, "வெறும் மண்ணு தானே, டீசலா கொட்டுனோம்?"

இத கேட்டு கேட்டு காது புளிச்சுப் போச்சு. கனடா மீன்வளச் சட்டம் 36ஆவது பிரிவு தண்ணில விடக்கூடாதுன்னு சொல்ற தீங்கான பொருள்னா ஆசிட், டீசல் மட்டும் இல்லங்க, மீனுக்கு ஆகாத அளவுக்கு தண்ணியக் கெடுக்குற எதுவும் அதுல வரும், சேறும்தான். சால்மன் முட்டைய தண்ணில மிதக்கவா விடுது? வாலால சரளைக்கல்ல தோண்டி புதைச்சுட்டுப் போகுது, முட்டை மாசக்கணக்கா கல்லு இடுக்குல ஓடுற தண்ணில இருக்குற ஆக்சிஜன நம்பித்தான் கிடக்கு. அந்த இடுக்க சேறு அடைச்சா முட்டை மூச்சு முட்டிச் சாகும், பொரிஞ்ச குஞ்சும் மேல வர வழியில்லாம உள்ளயே முடிஞ்சிரும். ஓடை என்னமோ ரெண்டு நாள்ல தெளிஞ்சிரும், அதனாலதான் யாருக்கும் உறைக்க மாட்டேங்குது.

"அந்த வாய்க்கால்ல மீனே இல்லையே"ம்பாங்க. மீன் இருக்குற தண்ணிக்குப் போய்ச் சேரக்கூடிய இடத்துல விட்டாலே குத்தம். கோஹோன்னு ஒரு சால்மன் வகை, அதோட குஞ்சுங்க கோடைல காஞ்சு கிடக்குற சின்ன வாய்க்காலுக்குள்ளகூட குளிர்கால வெள்ளத்துக்கு ஒதுங்கும். ஆகஸ்ட்ல மட்டும் பாத்துட்டு மீன் இல்லன்னு எழுதுற சர்வேய நான் மதிக்கிறதே இல்ல.

"ரோடு நாங்க போட்டதில்ல"ன்னு சொல்றதும் வேலைக்காகாது. ரோட்டு பெர்மிட் உங்க கம்பெனி பேருல இருக்குற வரைக்கும், லாரி ஓட்டம் நின்னாலும், ரோட்ட முறைப்படி மூடுற வரைக்கும் வடிகால் உங்க தலைல.

மழைக்கு முன்னாடி கல்வெர்ட் (ரோட்டுக்கு அடில தண்ணி போற குழாய்) வாய்ல சிக்குன கட்டைய எடுங்க. பாலத்துக்கு முன்னாடியே கிரேடர் பிளேட தூக்குங்க. ரோட்டோரம் வரப்பு மாதிரி மண்ண விட்டுட்டுப் போகாதீங்க, தண்ணி வெளிய போக வழியில்லாம ரோட்டு மேலயே ஓடி நேரா ஓடைலதான் எறங்கும். பக்க வாய்க்கால் தண்ணிய ஓடைக்கு முன்னாலயே காட்டுக்குள்ள திருப்பி விடுங்க. புல்லு மொளச்ச வாய்க்கால அழகுக்குன்னு சுரண்டாதீங்க, அதுதான் மண்ணப் புடிச்சிட்டு இருக்கு. கல்வெர்ட்டோட கீழ் முனை தண்ணிக்கு மேல தொங்குதான்னும் பாருங்க, குஞ்சு மீனால தாவி ஏற முடியாது.

தப்பு நடந்துட்டா மறைக்காதீங்க, ப்ளீஸ். உடனே தகவல் சொல்றதும், மேற்கொண்டு சேறு போகாம தடுக்குறதும் அதே சட்டத்துல 38ஆவது பிரிவுப்படி கடமை. நேத்து அந்த கிரேடர் ஓட்டுன பையன் போன் பண்ணவே பயந்து நின்னான், பாவம், அவனுக்கு யாருமே சொல்லித் தரல. சூப்பர்வைசர்களே, திங்கக்கிழமை வண்டி எடுக்குறதுக்கு முன்னாடி ஒரு அஞ்சு நிமிஷம் நின்னு சொல்லிக் குடுங்க.